பழுதும் காரணமும்

உடலில் நோய் தோன்றினால் மருத்துவரை நாடுகிறோம். நல்ல மருத்துவர் நோயாளியைக் கண்டவுடன் மருந்துப் பெட்டியைத் திறப்பதில்லை. நாடியைப் பார்க்கிறார்; நாவைப் பார்க்கிறார்; நோய் எப்பொழுது தொடங்கிற்று, பகலில் மிகுகின்றதா, இரவில் மிகுகின்றதா என்று வினவுகிறார். அதன் பின்னரே மருந்தைப் பற்றி எண்ணுகிறார். பொறிகளுக்கு நேரும் பழுதும் நோய் போன்றதே. காரணம் அறியாமல் செய்யும் பழுதுபார்ப்பு, நோய் அறியாமல் கொடுக்கும் மருந்தை ஒக்கும். இவ்வுண்மையை ஒரு கோடைக் காலத்தில் நான் நேரிற் கண்டு தெளிந்தேன்.

அக்கினி நட்சத்திர நாட்கள் அவை. எழுபத்தெட்டு வயதுடைய எம் அன்னையாரை வாரம் ஒருமுறை மருத்துவத்திற்காகத் திருவண்ணாமலையிலிருந்து வேலூருக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. என் தமையனார் காரை ஓட்டுவார். நான் உடன் செல்வேன். வேலூர் வெயிலின் கடுமை தமிழ் மக்கள் அனைவரும் அறிந்ததே. காரில் இருந்த குளிர்ப்பொறி ஒன்றே அன்னையாருக்குத் துணையாக இருந்தது. ஒரு நாள் அதுவும் கைவிட்டது. பொறியை முடுக்கினால் காற்று விசையோடு வந்தது. ஆனால் அடுப்பங்கரைக் காற்றைப் போல வெப்பமாக வந்தது.

ஒரு பட்டறையில் காட்டினோம். "கேஸ் குறைந்துவிட்டது, நிரப்பினால் போதும்" என்றனர். நிரப்பினோம். ஒரு திங்கள் குளிர்ந்த காற்று வந்தது. பிறகு மீண்டும் வெப்பக் காற்று. மறுபடியும் நிரப்பினோம். இம்முறை பத்து நாட்களே தாங்கிற்று. மூன்றாம் முறை சென்றபொழுது அவர்கள் வேறொன்று கூறினர். "கம்ப்ரசர் சுற்றவில்லை, அது போய்விட்டது, புதியது மாற்ற வேண்டும்" என்றனர். அதன் விலையைக் கேட்டுத் தமையனார் திகைத்து நின்றார். அன்று மாலை வீடு திரும்பும் வழியில் அன்னையார் வெப்பம் தாங்காமல் மயங்கிச் சாய்ந்துவிட்டார். வண்டியைச் சாலையோரத்துப் புளியமர நிழலில் நிறுத்தி, முகத்தில் நீர் தெளித்து, விசிறி, இளநீர் வாங்கிக் கொடுத்தோம். சிறிது நேரத்தில் அவர் கண் விழித்தார். அதன் பின்னரே எங்களுக்கு உயிர் வந்தது.

அடுத்த நாள் நண்பர் ஒருவர் சொற்படி, அறுபது வயதைக் கடந்த ஒரு முதியவரின் சிறு பட்டறைக்குச் சென்றோம். அவர் எங்களிடம் முதலில் கேட்டது பணத்தைப் பற்றி அன்று. வண்டியைப் பற்றியும் அன்று.

"ஐயா, வெப்பக் காற்று எப்போது வருகிறது? வண்டி ஓடும்போதா, நிற்கும்போதா, எப்போதுமா?" என்று கேட்டார்.

"எப்போதும்" என்றார் தமையனார்.

"காற்றின் வேகம் குறைந்ததா?"

"இல்லை."

"ஒரே நாளில் வெப்பமாயிற்றா? சிறிது சிறிதாகக் குளிர் குறைந்ததா?"

"சிறிது சிறிதாகத்தான் குறைந்தது. இரண்டு முறை கேஸ் நிரப்பினோம்."

முதியவர் புன்னகை புரிந்தார். "கேஸ் என்பது பெட்ரோல் அன்று, ஐயா. பெட்ரோல் எரிந்து தீரும், இது தீராது. குழாய்களுக்குள் அடைபட்டுச் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்தது என்றால், எங்கோ ஒழுகியிருக்கிறது என்பதே பொருள். ஓட்டைக் குடத்தில் நீரை நிரப்பிக்கொண்டே இருந்தால் குடம் நிறையுமா?" என்றார்.

அவர் சொற்களை விளங்கிக்கொள்ளக் குளிர்ப்பொறி இயங்கும் முறையை நாம் அறிதல் வேண்டும்.

குளிர் என்பது தனியே செய்யப்படும் பொருள் அன்று. வெப்பம் நீங்கிய நிலையையே நாம் குளிர் என்கிறோம். மண்பானை நீர் குளிர்ந்திருப்பது ஏன்? பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை அது பானையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஊசி போடுமுன் மருத்துவர் கையில் தடவும் ஸ்பிரிட்டு சில்லென்று இருப்பதற்கும் இதுவே காரணம். நீர்மம் ஆவியாகும்பொழுது வெப்பத்தை உட்கொள்ளும்; ஆவி மீண்டும் நீர்மமாகும்பொழுது அவ்வெப்பத்தை வெளிவிடும். குளிர்ப்பொறியின் தத்துவம் முழுவதும் இவ்விரண்டு தொடர்களில் அடங்கும்.

இன்னும் ஓர் உண்மையையும் நினைவிற் கொள்ள வேண்டும். அழுத்தம் மிகுந்தால் நீர்மத்தின் கொதிநிலை உயரும். அழுத்தம் குறைந்தால் கொதிநிலை தாழும். நம் வீட்டுப் பிரஷர் குக்கரில் நீர் 100 பாகையில் கொதியாமல் ஏறத்தாழ 120 பாகையில் கொதிப்பது இதனாலேயாம்.

குளிர்ப்பொறியில் சுற்றிவரும் பொருளைக் குளிர்பதனப் பொருள் என்பர். பட்டறைகளில் அதனைக் கேஸ் என்று வழங்குகின்றனர். பெரும்பாலான கார்களில் இருப்பது ஆர்-134ஏ என்பது. சாதாரணக் காற்றழுத்தத்தில் அது சுழியத்திற்குக் கீழ் 26 பாகை செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிவிடும். சிறிய கார் ஒன்றில் இப்பொருள் ஏறக்குறைய அரைக் கிலோ இருக்கும்.

பொறியின் முதல் உறுப்பு கம்ப்ரசர் எனப்படும் அமுக்கி. எஞ்சினிலிருந்து வரும் வார் இதன் உருளையைச் சுழற்றுகிறது. உருளையையும் அமுக்கியையும் இணைப்பதும் பிரிப்பதும் ஒரு மின்காந்தக் கிளட்சின் வேலை. அமுக்கி ஆவியை இறுக்கி, அழுத்தமும் வெப்பமும் மிகுந்ததாக்கி, கண்டென்சருக்கு அனுப்புகிறது. கண்டென்சர் வண்டியின் முகப்பில், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் மெல்லிய தகடுகளும் குழாய்களும் கொண்ட அமைப்பு. அங்கே வெளிக்காற்றுப் பட்டு ஆவி தன் வெப்பத்தை விடுத்து நீர்மமாகிறது. அழுத்தம் மிகுந்திருப்பதால், வெயில் எரிக்கும் நாளிலும் 60 பாகை வெப்பநிலையிலேயே அது நீர்மமாக இயலுகிறது. அடுத்து அது டிரையர் எனப்படும் ஈரம் உறிஞ்சும் கலத்தின் வழியே சென்று, விரிவு வால்வின் நுண்துளையை அடைகிறது. துளையைத் தாண்டியதும் அழுத்தம் திடீரென்று தாழ்கிறது. கொதிநிலையும் உடன் தாழ்கிறது. நீர் உறையும் நிலையை ஒட்டிய குளிர்ச்சியில் அப்பொருள் ஆவியாக்கி என்னும் உறுப்பிற்குள் கொதிக்கத் தொடங்குகிறது. காருக்குள் இருக்கும் காற்றை ஒரு விசிறி அவ்வாவியாக்கியின் மேல் செலுத்துகிறது. காற்றின் வெப்பம் பறிக்கப்படுகிறது. குளிர்ந்த காற்று நம்மை வந்தடைகிறது. ஆவி மீண்டும் அமுக்கியை நாடிச் செல்கிறது. ஆகவே, இப்பொறி குளிரைச் செய்வதில்லை; உள்ளே இருக்கும் வெப்பத்தைச் சுமந்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது.

குளிர்ப்பொறி ஓடும் வண்டியின் அடியில் நீர் சொட்டுவதைக் கண்டு சிலர் அஞ்சுவர். அது பழுது அன்று. காற்றிலுள்ள ஈரம் ஆவியாக்கியின் மேல் பனித்துளியாகப் படிந்து வடிவதேயாம். சொல்லப்போனால் பொறி நன்கு உழைக்கிறது என்பதற்கு அது ஒரு சான்று. எங்கள் வண்டியின் அடியில் பல நாட்களாக ஒரு சொட்டு நீரும் இல்லை.

முதியவர் சோதனையைத் தொடங்கினார். முதலில் கண்ணால் பார்த்தார். வார் இறுக்கமாகவே இருந்தது. கண்டென்சரின் முன்னுள்ள மின்விசிறி நன்கு சுழன்றது. தகடுகளிடையே தூசி அடைத்திருக்கவில்லை. பிறகு பொறியை முடுக்கச் சொல்லி, அமுக்கியின் முகப்பை உற்று நோக்கினார். வெளி உருளை மட்டும் சுழன்றது; கிளட்சு பற்றவில்லை. ஒரு சிறு சோதனை விளக்கைக் கொண்டு கிளட்சுக்கு மின்சாரம் வருகிறதா என்று பார்த்தார். விளக்கு எரியவில்லை. "கிளட்சின் மேல் குற்றம் இல்லை. அதற்கு ஆணை வரவில்லை. அதனால் அது நிற்கிறது. ஆணையைத் தடுத்தவர் யார் என்று பார்ப்போம்" என்றார். பியூஸைக் கழற்றிப் பார்த்தார், நன்றாகவே இருந்தது.

அதன்பின் இரண்டு அழுத்தமானிகளைக் குழாய்களில் பொருத்தினார். நீல நிறமுடையது தாழ்ந்த அழுத்தத்தைக் காட்டும். செந்நிறமுடையது உயர்ந்த அழுத்தத்தைக் காட்டும். எஞ்சின் நின்றிருக்கும்பொழுது இரண்டும் ஒரே அளவைக் காட்டும். 35 பாகை வெப்பமுள்ள நாளில், குழாய்களுக்குள் போதிய பொருள் இருந்தால், அவ்வளவு சதுர அங்குலத்திற்கு ஏறத்தாழ 115 பவுண்டு இருத்தல் வேண்டும். எங்கள் வண்டியில் இரண்டு முட்களும் 20-ஐத் தாண்டவில்லை.

"இதோ காரணம்" என்றார் முதியவர். "உள்ளே கேஸ் மிகக் குறைந்துவிட்டது. குழாயில் அழுத்தத்தை அறியும் ஒரு சுவிட்சு உண்டு. அழுத்தம் அளவுக்குக் கீழே போனால், அது கிளட்சுக்குச் செல்லும் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அமுக்கிக்கு வேண்டிய எண்ணெய் இக்கேஸோடு கலந்தே சுற்றி வருகிறது. கேஸ் இல்லையென்றால் எண்ணெயும் வராது. எண்ணெய் வராமல் ஓடினால் அமுக்கி தேய்ந்து அழியும். அந்த அழிவைத் தடுக்கவே சுவிட்சு அதனை நிறுத்தி வைத்திருக்கிறது. உங்கள் அமுக்கி சாகவில்லை, ஐயா. காவலாளி அதனைக் காத்து நிற்கிறான். சிலர் பொறுமையின்றிச் சுவிட்சின் கம்பிகளை நேரே இணைத்து ஓட்டிப் பார்ப்பர். அது காவலாளியைக் கட்டிப் போடுவதற்கு ஒப்பாகும்."

நான் அவரை நோக்கி, "அப்படியானால், வெப்பக் காற்று வந்தாலே கேஸ் ஒழுகிவிட்டது என்று முடிவு செய்யலாமா?" என்று வினவினேன்.

"கூடாது. ஒரே குறி பல நோய்களுக்கு உண்டு" என்று கூறி, அவர் ஒவ்வொன்றாக விளக்கினார். வண்டி ஓடும்பொழுது குளிர்ந்தும் நிற்கும்பொழுது வெப்பமாகியும் வந்தால், கண்டென்சர் விசிறியை ஐயுற வேண்டும். ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்று உதவுகிறது, நிற்கும் வண்டிக்கு விசிறியே துணை. முதலில் நன்கு குளிர்ந்து, போகப் போகக் காற்றே குறைந்தால், ஆவியாக்கியின் மேல் பனிக்கட்டி படிந்து காற்றின் வழியை அடைத்திருக்கலாம். அமுக்கி சுழன்றும், தாழ்ந்த பக்கத்து அழுத்தம் மிகுந்தும், உயர்ந்த பக்கத்து அழுத்தம் குறைந்தும் இருந்தால், அமுக்கியே வலியிழந்தது எனலாம். இரண்டும் மிகுந்திருந்தால், கண்டென்சர் அடைபட்டிருக்கலாம். அல்லது கேஸை அளவுக்கு மீறி நிரப்பியிருக்கலாம். தாழ்ந்த பக்கத்து முள் சுழியத்திற்கும் கீழே இறங்கினால், விரிவு வால்வு அடைபட்டிருக்கலாம். அழுத்தங்கள் சரியாக இருந்து, ஆவியாக்கியிலிருந்து திரும்பும் குழாய் கையில் பட்டால் சில்லென்று இருந்து, அப்பொழுதும் உள்ளே வெப்பக் காற்று வந்தால், குற்றம் குளிர்ப்பொறியில் இல்லை. எஞ்சினின் வெந்நீர் ஓடும் ஹீட்டர் ஒன்று உள்ளே இருக்கிறது. குளிர்ந்த காற்றையும் வெப்பக் காற்றையும் கலக்கும் சிறு கதவு தவறான இடத்தில் சிக்கிக்கொண்டால், குளிர்ந்த காற்று மீண்டும் வெப்பமாகி வரும். இத்தகைய வண்டிக்குக் கேஸ் நிரப்பிப் பயன் என்ன?

இனி, ஒழுக்கு எங்கே என்று காண வேண்டியிருந்தது. எஞ்சியிருந்த சிறிதளவு கேஸையும் முதியவர் காற்றில் திறந்துவிடவில்லை. ஒரு மீட்புப் பொறியைக் கொண்டு உறிஞ்சி உருளையில் சேர்த்தார். பிறகு நைட்ரஜன் வளியைக் குழாய்களுக்குள் அழுத்தத்துடன் செலுத்தினார். கண்டென்சருக்குச் செல்லும் குழாயின் இணைப்பு ஒன்றில் எண்ணெய்ப் பசையோடு கருந்தூசி படிந்திருந்தது. "கேஸ் கண்ணுக்குத் தெரியாது; ஆனால் அது ஓடும் வழியில் எண்ணெயைச் சிந்திச் செல்லும்" என்று கூறி, அவ்விடத்தில் சோப்பு நுரையைத் தடவினார். சில நொடிகளில் கடுகளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. கண்டு நின்ற என் தமையனார் பெருமூச்சு விட்டார்.

இணைப்பைக் கழற்றியபொழுது, உள்ளே இருந்த ரப்பர் வளையம் காய்ந்து, கடினமாகி, ஒருபுறம் வெடித்திருந்தது. மோதிர விரலில் அணியக்கூடிய அளவே உடைய அவ்வளையத்தின் விலை சில ரூபாய்களே. அதற்காகவா ஒரு புதிய அமுக்கியை வாங்க இருந்தோம்!

முதியவர் அப்பொறிக்குரிய வளையத்தையே தேர்ந்து, எண்ணெய் தடவிப் பொருத்தினார். டிரையரையும் மாற்றினார். வெற்றிடப் பம்பைக் கொண்டு குழாய்களிலிருந்த காற்றையும் ஈரத்தையும் முக்கால் மணி நேரம் வெளியேற்றினார். வெற்றிடத்தில் அழுத்தம் மிகத் தாழ்வதால், உள்ளிருக்கும் ஈரம் சாதாரண வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகி வெளியேறிவிடும். ஈரம் தங்கினால் அது விரிவு வால்வில் பனியாக உறைந்து வழியை அடைக்கும்; உள்ளுறுப்புகளையும் அரிக்கும். பம்பை நிறுத்திய பின் அரை மணி நேரம் முள்ளைப் பார்த்துக்கொண்டே அமர்ந்திருந்தார். முள் அசையவில்லை. ஒழுக்கு அடைபட்டது என்பது அதனால் உறுதியாயிற்று. இறுதியில், வண்டியின் முன்மூடியில் ஒட்டியிருந்த சீட்டிற் கண்டபடி, உருளையைத் தராசில் வைத்துக் கிராம் கணக்கில் நிறுத்துக் கேஸை நிரப்பினார். வெளியே 39 பாகை வெயில் அடித்தது. காற்று வாயிலில் வைத்த வெப்பமானி 11 பாகையைக் காட்டிற்று.

"கேஸைக் காற்றில் விட்டுவிட்டால் என்ன, பெரியவரே? யாருக்குத் தெரியப் போகிறது?" என்று கேட்டேன். "வானத்திற்குத் தெரியும்" என்றார் அவர். அச்சொல்லின் பின்னே ஒரு வரலாறு உள்ளது.

ஆவியை இறுக்கிக் குளிரூட்டும் பொறிக்கு 1834-இல் ஜேக்கப் பெர்க்கின்ஸ் என்பார் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். நெடுங்காலம் இத்தகைய பொறிகளில் அம்மோனியா, கந்தக டை ஆக்சைடு போன்ற நச்சு வளிகளே பயன்பட்டன. 1928-இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லியும் அவர் துணைவரும் நஞ்சற்றதும் தீப்பற்றாததுமான குளோரோ புளூரோ கார்பனைக் குளிர்பதனப் பொருளாகக் கண்டனர். 1939-இல் பாக்கார்டு நிறுவனம் குளிர்ப்பொறி பூட்டிய கார்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் கிளட்சு இல்லை. பொறியை அறவே நிறுத்த விரும்பினால், வண்டியை நிறுத்தி, முன்மூடியைத் திறந்து, வாரைக் கழற்ற வேண்டும்!

நஞ்சற்றது என்று போற்றப்பட்ட அப்பொருள், வானின் உயரத்தே நம்மைப் புற ஊதாக் கதிரிலிருந்து காக்கும் ஓசோன் படலத்தை அழிக்கும் என்பதை 1974-இல் மொலினா, ரோலண்டு என்னும் அறிஞர்கள் எடுத்துக்காட்டினர். 1985-இல் தென்துருவத்தின் மேல் ஓசோன் பெரிதும் குறைந்திருப்பதைப் பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர் உலகிற்கு அறிவித்தனர். 1987-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை உருவாயிற்று. அதன் பயனாகப் பழைய பொருள் நீக்கப்பட்டு, கார்களில் ஆர்-134ஏ இடம் பெற்றது. இது ஓசோனைக் கெடுப்பதில்லை. எனினும், எடைக்கு எடை, கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 1,400 மடங்கு புவியை வெப்பமாக்க வல்லது. அரைக் கிலோ ஒழுகினால், 700 கிலோ கரியமில வாயுவைக் காற்றில் கலந்ததற்கு ஒப்பாகும். ஆகையால் 2016-இல் கிகாலி நகரில் கூடிய நாடுகள் இத்தகைய பொருள்களையும் படிப்படியாகக் குறைக்க இசைந்தன. எங்கள் வண்டிக்கு இரண்டு முறை நிரப்பிய கேஸ் எங்கே போயிற்று என்று எண்ணினேன். எம் அன்னையாரைக் குளிர்விக்க வாங்கிய பொருள், உலகைச் சூடாக்கும் பொருளாக வானிற் கலந்துவிட்டது!

மாணவர்களே! இவ்வேலையைப் பயிற்சியின்றி விளையாட்டாகச் செய்தல் ஆகாது. பீறிட்டு வரும் குளிர்பதனப் பொருள் தோலில் பட்டால் உறைந்து புண்ணாகும். கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. நெருப்பில் பட்டால் அது நச்சு வளியாக மாறும். சுழலும் வாரும் விசிறியும் விரலைத் துண்டிக்கும். ஆனால் காண்பதற்கும் கேட்பதற்கும் எண்ணுவதற்கும் தடை இல்லை. விசிறி சுழல்கிறதா, கிளட்சு பற்றுகிறதா, எந்நேரத்தில் வெப்பக் காற்று வருகிறது என்பவற்றை நீங்களே உற்று நோக்கிச் சொல்லலாம். அதுவே பழுதுபார்ப்பவருக்குப் பேருதவியாகும்.

அடுத்த வாரம் வேலூர் சென்று திரும்பும் வழியில் முதியவரின் பட்டறை முன் வண்டியை நிறுத்தச் சொன்னார் அன்னையார். "தம்பி, இன்று வழியெல்லாம் உறங்கிக்கொண்டே வந்தேன்" என்றார். முதியவர் கைகூப்பி, "மகிழ்ச்சி, அம்மா" என்றார். உடனே குனிந்து வண்டியின் அடியைப் பார்த்தார். அங்கே நீர் சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்தது. அவர் முகம் மலர்ந்தது.

பயிற்சி வினாக்கள்

1. குளிர்ப்பொறி குளிரைச் செய்வதில்லை என்பதை விளக்குக.
2. கேஸ் குறைந்தபொழுது அமுக்கி சுழலாமல் நின்றது ஏன்?
3. "ஒரே குறி பல நோய்களுக்கு உண்டு" - இக்கூற்றை மூன்று சான்றுகளால் நிறுவுக.
4. முதியவர் கேஸைக் காற்றில் திறந்துவிடாமைக்குக் காரணம் யாது?
5. உங்கள் வீட்டில் பழுதுற்ற பொருள் ஒன்றின் காரணத்தை நீங்கள் ஆராய்ந்து கண்ட வகையை ஒரு பக்க அளவில் எழுதுக.